மாகாண சபைத் தேர்தல் முடிவை மாவட்ட வாரியாகப் படிப்பது எப்படி? திருகோணமலைக் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

வாக்கெண்ணி முடிந்த மறுநாள் காலையில் திருகோணமலையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுத்தான்: வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி) எத்தனை, யானைக்கு (ஐக்கிய தேசியக் கட்சி) எத்தனை, மரத்துக்கு (முஸ்லிம் காங்கிரஸ்) எத்தனை. ஆசன எண்ணிக்கை அவசரத்துக்கு உதவும். ஆனால் எங்கள் மாவட்டத்தில் கடைசி ஆசனம் சிலவேளை சில நூறு வாக்கு வித்தியாசத்தில்தான் யாருக்கென்று முடிவாகிறது. அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தெரியாதவருக்கு யாரும் எதையும் சொல்லிவிடலாம். "இவர்கள் பிரிந்ததால்தான் போனது", "அவர்கள் வாக்களிக்காததால்தான் வந்தது" என்று கைப்பேசிகளில் பறக்கும் செய்திகளில் பாதி, முடிவுத் தாளையும் ஒரு கணிப்பானையும் வைத்துப் பத்து நிமிடத்தில் சரிபார்க்கக் கூடியவை. கிண்ணியாவில் இருந்தாலும் சாம்பல்தீவில் இருந்தாலும் கந்தளாயில் இருந்தாலும் ஒவ்வொரு வாக்காளரும் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: எந்தத் தேர்தல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 4 ஆசனங்கள். கிழக்கு மாகாண சபையில் 10 ஆசனங்கள். இரண்டிலும் விகிதாசார முறைதான், அதாவது வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம். ஆனாலும் விதிகள் வேறு. பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சி கணக்கிலிருந்து விலக்கப்படும். முதலிடம் பெற்ற கட்சிக்கு அந்த மாவட்டத்திலேயே ஒரு போனஸ் ஆசனம் கிடைக்கும். இதுவரை நடந்த மாகாண சபைத் தேர்தல்களில் அந்த 5 சதவீத வெட்டு இல்லை. போனஸும் மாவட்டத்துக்கு இல்லை. மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு 2 ஆசனங்கள் மேலதிகமாகச் சேரும். இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பாராளுமன்ற முடிவுகளில் அம்பாறை "திகாமடுல்ல" என்று இருக்கும். மாகாண சபை முடிவுகளில் அம்பாறை என்றே இருக்கும். பழைய முடிவுகளைத் தேடுபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மாகாண சபைக்குத் தனியாக இதுவரை இரண்டு தேர்தல்கள்தான் நடந்திருக்கின்றன: 2008 மே 10, 2012 செப்டெம்பர் 8. அதற்கு முன் 1988 நவம்பரில் இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. அதன் தலைநகரும் திருகோணமலையே. 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரி முதல் கிழக்கு தனி மாகாணமானது. 1988 முடிவைப் பின்னைய இரண்டோடும் ஒப்பிடாதீர்கள். காலமும் எல்லையும் போட்டியிட்டவர்களும் முற்றிலும் வேறு.

இரண்டாம் படி: தாளை மேலிருந்து கீழே படியுங்கள்

தேர்தல் ஆணைக்குழு வெளியிடும் மாவட்ட முடிவுத் தாளில் கட்சிகளின் பட்டியலோடு நான்கு தொகைகள் இருக்கும்: பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள், அளிக்கப்பட்ட வாக்குகள், நிராகரிக்கப்பட்ட வாக்குகள், செல்லுபடியான வாக்குகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதவீதம். அந்தச் சதவீதங்கள் ஒரே அடிப்படையில் கணக்கிடப்பட்டவை அல்ல. அளிக்கப்பட்ட வாக்கின் சதவீதம் பதிவு செய்யப்பட்டவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சொல்கிறது. நிராகரிக்கப்பட்டதன் சதவீதம் வந்தவர்களில் கணக்கிடப்படுகிறது. கட்சிகளின் சதவீதமோ செல்லுபடியான வாக்குகளில் மட்டும். ஒரு கட்சி 40 சதவீதம் பெற்றது என்றால் மாவட்டத்தில் பத்துப் பேரில் நான்கு பேர் அதை ஆதரித்தார்கள் என்று பொருளாகாது.

மூன்றாம் படி: சின்னத்துக்குப் பின்னால் யார் என்று பாருங்கள்

2008 திருகோணமலை முடிவைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சி 70,858 வாக்குகள், 5 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 59,298 வாக்குகள், 4 ஆசனங்கள். மக்கள் விடுதலை முன்னணி 4,266 வாக்குகள், 1 ஆசனம். இதை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரர், திருகோணமலை யானையின் கோட்டை என்று எழுதிவிடுவார். அந்தத் தேர்தலில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் யானைச் சின்னத்தில்தான் போட்டியிட்டது. அதன் தலைவர் ரவூப் ஹக்கீமே திருகோணமலையில் வேட்பாளராக இறங்கினார். வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டுவந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தேர்தலில் பங்கேற்கவில்லை. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைச் சின்னத்தில் நின்றது. நான்கு ஆண்டு கழித்து வீடும் மரமும் யானையும் தனித்தனியே நின்றபோது யானை நான்காம் இடத்துக்குப் போனது. வாக்காளர்கள் அப்படியே கட்சி மாறிவிட்டார்கள் என்று அதைப் படிக்கக் கூடாது. முடிவைப் பார்க்கும் முன் வேட்புமனு நேரத்துச் செய்திகளை ஒருமுறை புரட்டினால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

நான்காம் படி: ஆசனக் கணக்கை நீங்களே போடுங்கள்

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். 2012 திருகோணமலை மாவட்ட முடிவு இது:

இலங்கைத் தமிழரசுக் கட்சி: 44,396 (29.08 சதவீதம்), 3 ஆசனங்கள்
ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு: 43,324 (28.38 சதவீதம்), 3 ஆசனங்கள்
ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ்: 26,176 (17.15 சதவீதம்), 2 ஆசனங்கள்
ஐக்கிய தேசியக் கட்சி: 24,439 (16.01 சதவீதம்), 1 ஆசனம்
தேசிய சுதந்திர முன்னணி: 9,522 (6.24 சதவீதம்), 1 ஆசனம்

பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 24 ஆயிரத்துக்கு மேல் பெற்ற கட்சிக்கும் ஒன்று, ஒன்பதரை ஆயிரம் பெற்ற கட்சிக்கும் ஒன்று. அநியாயம் போலத் தெரியும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

செல்லுபடியான வாக்குகள் மொத்தம் ஏறத்தாழ 152,650. அதை 10 ஆசனங்களால் வகுத்தால் ஏறத்தாழ 15,265 வரும். ஒரு முழு ஆசனத்தின் விலை அது. தமிழரசுக் கட்சியின் வாக்கில் இரண்டு முழு ஆசனங்கள் அடங்கும், மீதி சுமார் 13,870. வெற்றிலைக்கும் இரண்டு, மீதி சுமார் 12,790. மரத்துக்கு ஒன்று, மீதி சுமார் 10,910. யானைக்கு ஒன்று, மீதி சுமார் 9,170. தேசிய சுதந்திர முன்னணிக்கு முழு ஆசனம் ஒன்றும் இல்லை. அதன் 9,522 வாக்கும் மீதிதான்.

இதுவரை பகிர்ந்தது 6. எஞ்சியது 4. அவை மீதி அதிகம் உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும்: வீடு, வெற்றிலை, மரம், நான்காவதாக 9,522 உள்ள தேசிய சுதந்திர முன்னணி. யானையின் 9,170 ஐந்தாமிடத்தில் நின்றுவிட்டது. இடைவெளி 350 வாக்குகள் அளவில்தான். யானைக்கு இன்னும் நானூறு பேர் வாக்களித்திருந்தால் அந்த ஆசனம் கைமாறியிருக்கும். மாவட்டத்தில் ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கு வரும் கூட்டத்துக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை அது.

இன்னொரு கணக்கும் உண்டு. இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு, ஆகவே அழுத்தியே சொல்கிறேன். மேலே உள்ள ஐந்து கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் 147,857. மிச்சம் ஏறத்தாழ 4,800 வாக்குகள் ஆசனம் எதுவும் பெறாத சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் போனவை. மாகாண சபைத் தேர்தலில் 5 சதவீத வெட்டு இல்லாததால் அந்த வாக்குகளும் வகுக்கும் தொகையில் சேர்ந்தன. பாராளுமன்றத்தைப் போல அவற்றை விலக்கியிருந்தால் ஓர் ஆசனத்தின் விலை 14,786 ஆகக் குறைந்திருக்கும். அப்போது யானையின் மீதி 9,653 ஆக உயர்ந்து, 9,522ஐத் தாண்டியிருக்கும். ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போயிருக்கும். யாருக்கும் ஆசனம் பெற்றுத் தராத 4,800 வாக்குகள் வேறு இருவருக்கிடையில் ஓர் ஆசனத்தை மாற்றிவிட்டன. "சுயேச்சைக்குப் போடும் வாக்கு வீண்" என்று சொல்பவர்களும், "அதனால் யாருக்கும் பாதிப்பில்லை" என்று சொல்பவர்களும் இந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.

2008இல் மக்கள் விடுதலை முன்னணி 4,266 வாக்கோடு ஆசனம் பெற்றதும் இதே வழியில்தான். அதே நாளில் அம்பாறையில் அக்கட்சி 4,745 வாக்குகள், அதாவது திருகோணமலையைவிட அதிகம், பெற்றும் ஆசனம் கிடைக்கவில்லை. அங்கே மற்றக் கட்சிகளின் மீதி பெரிதாக விழுந்தது. ஒரு கட்சிக்கு எத்தனை வாக்கு வந்தது என்பது பாதிக் கதை; மற்றவர்களிடம் எவ்வளவு மிஞ்சியது என்பது மறுபாதி.

ஐந்தாம் படி: போனஸை மாகாணக் கூட்டுத்தொகையில் பாருங்கள்

2012இல் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் முதலிடம் தமிழரசுக் கட்சிக்கே. வெற்றிலை அம்பாறையில் மட்டும் முதலிடம். இருந்தும் இரண்டு போனஸ் ஆசனங்களும் வெற்றிலைக்கே போயின. மூன்று மாவட்டங்களையும் கூட்டிப் பாருங்கள்:

வெற்றிலை: 43,324 + 64,190 + 92,530 = 200,044
வீடு: 44,396 + 104,682 + 44,749 = 193,827

வித்தியாசம் 6,217. எத்தனை மாவட்டங்களில் முதலிடம் என்பதற்குப் போனஸில் இடமில்லை. இறுதியில் 37 பேர் கொண்ட சபையில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. பெரும்பான்மைக்கு 19 வேண்டும். ஆட்சி யாருக்கு என்பது முஸ்லிம் காங்கிரஸின் ஏழில் தங்கியிருந்தது. அவர்கள் வெற்றிலையோடு சேர்ந்ததால் திருகோணமலையைச் சேர்ந்த நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015இல் அணிகள் மாறின; அதே சபை, அதே ஆசனங்கள், முதலமைச்சர் முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அஹமட்.

ஆறாம் படி: பாராளுமன்ற முடிவைப் பக்கத்தில் வையுங்கள், விதியை மாற்றிக்கொண்டு

மாகாண சபைக்கு 2012இற்குப் பின் தேர்தல் இல்லாததால் மாவட்டத்தின் இன்றைய நிலையை அறியப் பாராளுமன்ற முடிவுகளையே பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 14 முடிவு: தேசிய மக்கள் சக்தி 87,031, ஐக்கிய மக்கள் சக்தி 53,058, தமிழரசுக் கட்சி 34,168. ஆசனங்கள் முறையே 2, 1, 1.

முதலிடத்துக்குப் போனஸ் ஒன்று போனதும் எஞ்சுவது 3. 5 சதவீத வெட்டைத் தாண்டிய இம்மூவரின் வாக்குகளைக் கூட்டினால் 174,257. மூன்றால் வகுத்தால் 58,085. திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) ஒரு முழு ஆசனம், மீதி 28,946. மற்ற இருவருக்கும் முழு ஆசனம் இல்லை. அவர்களது வாக்குகள் முழுவதும் மீதிதான். இரண்டு ஆசனங்கள் அவர்களுக்கு. தமிழரசுக் கட்சியின் ஆசனத்துக்கும் திசைகாட்டியின் மூன்றாம் ஆசனத்துக்கும் இடையில் நின்றது ஐயாயிரத்துச் சொச்சம் வாக்குகள். நான்கு ஆசனம் உள்ள மாவட்டத்தில் அது பெரிய இடைவெளி அல்ல.

இதே வாக்குகளை மாகாண சபைக்கு அப்படியே பெயர்த்து "இத்தனை ஆசனம் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து ஆசனம் என்றால் ஓர் ஆசனத்தின் விலை மிகவும் குறையும். பாராளுமன்றத்தில் காணாமல்போன சிறு கட்சிகள் உள்ளே வரும். மக்களும் எல்லாத் தேர்தலிலும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் பாதி வாக்குகள் சஜித் பிரேமதாசவுக்குப் போயின. அநுர குமார திசாநாயக்க ஐந்தில் ஒரு பங்குதான் பெற்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய கட்சி முதலிடம்.

ஏழாம் படி: தொகுதி வாரியாக இறங்குங்கள்

திருகோணமலை தேர்தல் மாவட்டத்தில் மூன்று வாக்கெடுப்புத் தொகுதிகள்: சேருவில, திருகோணமலை, மூதூர். கந்தளாய் சேருவிலத் தொகுதியில். கிண்ணியா மூதூர்த் தொகுதியில். நகரம் திருகோணமலைத் தொகுதியில். இந்தத் தொகுதி எல்லைகள் 1976 எல்லை நிர்ணயத்தில் வந்தவை. இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் 40 சதவீதத்துக்குச் சற்று மேல், தமிழர்கள் 30 சதவீத அளவில், சிங்களவர்கள் 27 சதவீத அளவில். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத இத்தகைய மாவட்டத்தில் மொத்த முடிவு எதையும் முழுமையாகக் காட்டாது. ஒவ்வொரு தொகுதியிலும் வாக்களிப்பு வீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தொகுதியில் வாக்களிப்பு சில புள்ளிகள் ஏறி இன்னொன்றில் இறங்கினால், ஒருவர்கூடக் கட்சி மாறாமலே கடைசி ஆசனம் மாறும். ஆனால் தொகுதி முடிவை வைத்து "இந்தச் சமூகம் இவருக்குத்தான் போட்டது" என்று தீர்ப்பெழுதாதீர்கள். வாக்குச்சீட்டில் சமூகம் எழுதப்படுவதில்லை. மூன்று தொகுதிகளிலும் மூன்று சமூகத்தினரும் வாழ்கிறார்கள். அப்படியான தீர்ப்புகள் இங்கே அயலவர்களுக்கிடையே விரிசலைத்தான் உண்டாக்கியிருக்கின்றன.

கூட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். தபால் வாக்குகள் தனியாக எண்ணப்பட்டுத் தனி முடிவாக, வழக்கமாக எல்லாவற்றுக்கும் முன்பே, வெளிவரும். மூன்று தொகுதிகளையும் கூட்டி மாவட்டத் தொகை வரவில்லை என்று பதறுபவர்கள் தபால் வாக்கைச் சேர்க்காதவர்கள். தபால் முடிவு முதலில் வருவதால் அதை வைத்தே முழு முடிவையும் ஊகிப்பதும் கூடாது. அது அரச ஊழியர்களின் வாக்கு.

எட்டாம் படி: வாக்கையும் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்

2010 பாராளுமன்றத் தேர்தலில் தமிழரசுக் கட்சி இம்மாவட்டத்தில் பெற்றது 33,268 வாக்குகள்; 23.81 சதவீதம். 2024இல் 34,168 வாக்குகள்; 16.68 சதவீதம். வாக்கு 900 கூடியிருக்கிறது, சதவீதம் ஏழு புள்ளி இறங்கியிருக்கிறது. இரண்டும் உண்மை. 2010இல் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; செல்லுபடியான வாக்குகள் மொத்தமே ஒன்றரை லட்சத்தை எட்டவில்லை. 2024இல் அது இரண்டு லட்சத்தைக் கடந்துவிட்டது. "வளர்ச்சி" என்று எழுத விரும்புபவர் வாக்கை எடுப்பார், "வீழ்ச்சி" என்று எழுத விரும்புபவர் சதவீதத்தை எடுப்பார். 2004இல் அதே கட்சி 68,955 வாக்குகளோடு 2 ஆசனங்கள் பெற்றது என்பதையும் வைத்துப் பார்த்தால்தான் முழு வரலாறு தெரியும். ஆகக் குறைந்தது மூன்று தேர்தல்களை வரிசைப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஒன்பதாம் படி: விருப்பு வாக்கு

கட்சிக்குப் புள்ளடி இட்டபின் அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்களிக்கலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முடிவான பிறகே அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. வேறு கட்சிகளின் வேட்பாளர்களை விருப்பு வாக்கால் ஒப்பிடுவதில் பயனில்லை. பட்டியலில் அடுத்து வந்தவரின் பெயரையும் குறித்து வையுங்கள். 2024 ஜூன் 30இல் இரா. சம்பந்தன் காலமானபோது, விருப்பு வாக்கு வரிசையில் அடுத்திருந்த சண்முகம் குகதாசன் அவ்விடத்துக்கு வந்தார். இடைத்தேர்தல் நடப்பதில்லை.

பத்தாம் படி: அடுத்த தேர்தலுக்கு முன் சட்டத்தைப் பாருங்கள்

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அன்றிலிருந்து மாகாணம் ஆளுநரின் கீழ் இருக்கிறது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம், உறுப்பினர்களில் பாதிப் பேரைத் தொகுதி வாரியாகவும் பாதிப் பேரை விகிதாசாரத்திலும் தெரிவு செய்யும் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஆகஸ்டில் நிராகரித்தது. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை என்ற நிலையில் எங்கள் வாக்குரிமை ஆண்டுக்கணக்கில் முடங்கியது. இது எனக்கு ஆறாத கோபம்.

தேர்தல் அறிவிக்கப்படும்போது எந்த முறையில் நடக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். பழைய விகிதாசார முறை என்றால் நான்காம் படியில் போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கை 10தானா என்பதை மட்டும் வர்த்தமானியில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கலப்பு முறை என்றால் தொகுதி வரைபடத்தை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பார்த்துவிட்டு, உங்கள் கிராமம் எந்தத் தொகுதிக்குள் விழுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.